ஐம்பத்தொன்றாவது புள்ளி

அறுநூற்று நாற்பத்திரண்டு ஆட்டங்கள். அத்தனையையும் முதல் வரிசைக்கும் முன்னால் உட்கார்ந்து பார்த்திருந்தும் இராய்தா சாந்தாலிஸ் ஒருமுறைகூடக் கை தட்டியதில்லை. புவேர்ட்டோ ரீக்கோவின் தென்கரையில் எங்கள் மீனவர் கூடைப்பந்து அணி பந்தை வளையத்துக்குள் போட்டதும் அரங்கமே முரசும் மாட்டுமணியுமாக எழுந்து குதிக்கும். ஸ்கோர் மேசையில் இருப்பவர் குதிக்கக் கூடாது. ஆகவே இராய்தா இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். வலது கை எழுதும். பேனாதான். "பென்சில் வெச்சிருந்தா கண்ணு அசந்துபோகும்" என்பார்.

வயது அறுபத்தாறு. பகலில் மருந்துக்கடை வேலை. இருமல் மருந்து வாங்கப் போனாலும் அணியின் வரலாற்றில் ஒரு திருத்தத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் திரும்ப வேண்டும். கரும்பாலை முற்றத்தில் 1951இல் அணி தொடங்கிய நாளிலிருந்து உள்ள ஸ்கோர் தாள்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"அறுபத்தெட்டு இறுதி ஆட்டத்துல நெட்டை மத்தியாஸ் வளையத்துக்கடியில முப்பது பந்தைப் பிடிச்சாராமே அக்கா?"

"தப்பு. இருபத்தாறு. மீதி நாலை உங்கப்பா பிடிச்சிருப்பாரு, கதை சொல்றப்ப. மாத்திரைய சாப்பாட்டுக்கு அப்புறம் போடு."

ஒரே ஆட்டத்தில் அணிக்காக மிக அதிகப் புள்ளி எடுத்தவர் கோயோ ரென்தாஸ். 1987இல் ஐம்பது. அதை எழுதியவரும் இராய்தாதான். அப்போது அவர் கோயோவுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண். பக்கத்து ஊர்க்காரர்கள் இன்னும் விடுவதில்லை: "நாப்பத்தாறு ஆட்டத்துக்கு, நாலு காதலுக்கு." கல்யாணம் பதினெட்டு வருடம் ஓடி முறிந்தது. கோயோ அரங்க வாசலில் கம்பியில் குத்திச் சுட்ட பன்றிக்கறி விற்கிறார். கடையின் பெயர் 'ஐம்பது'. இராய்தா அந்த வாசலை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வருவார். இருவருக்கும் பேச்சு நின்று பத்தொன்பது வருடமாகிறது.

போன சனிக்கிழமை, எங்கள் அணியின் இருபத்திரண்டு வயது யாத்ரியெல் நாற்பத்தொன்பது புள்ளி எடுத்துவிட்டான். கடைசி நொடியில் வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தை அவன் கையும் அணித்தோழன் கெமுவெல்லின் கையும் சேர்ந்தே தட்டின. பந்து உள்ளே விழுந்தது. அந்த இரண்டு புள்ளியை இராய்தா கெமுவெல் பெயரில் எழுதினார்.

ஞாயிறு காலை ரொட்டிக்கடையில் வேறு பேச்சே இல்லை.

"என்னக்கா, அந்த ஆளு மேல இன்னும் ஆசை விடலையா?"

"ஆசையா? அவன் குறட்டையப் பதினெட்டு வருஷம் எண்ணினவடி நான்."

"அப்ப பையனுக்கு ஏன் குடுக்கல?"

"பாத்ததை எழுதினேன். ரொட்டியக் குடு."

லீக் விதிப்படி, ஸ்கோர் எழுதியவர் வீடியோவைப் பார்த்துத் திங்கள் நண்பகலுக்குள் திருத்தலாம். வேறு யாரும் கை வைக்க முடியாது. திருத்தினால் பழைய புருஷனைப் பழிவாங்கினாள் என்பார்கள். திருத்தாவிட்டால் காதல் என்பார்கள். இராய்தா ரொட்டியோடு வீட்டுக்குப் போய் வீடியோவைப் போட்டார்.

அன்று மாலை நான்கு மணிக்கு அரங்கத்தின் முன்வாசலுக்கே வந்தார். 'ஐம்பது' கடை வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். ஆனால் ஒருவரும் இடத்தை விட்டுப் போகவில்லை.

"கோயோ, கடைசியாப் பட்டது பையன் விரல்தான். அவனுக்கு ஐம்பத்தொன்னு. லீக்குக்காரங்க சொல்லி நீ தெரிஞ்சுக்க வேணாம்னு வந்தேன்."

கோயோ கம்பிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டார். "எத்தனை தடவை பாத்த?"

"முப்பத்தொன்னு."

"மொதத் தடவையே தெரிஞ்சிருக்குமே. உன் கண்ணு எனக்குத் தெரியாதா? மிச்சம் முப்பது எதுக்கு?"

"பேசாம கறியப் பாரு. கருகுது."

வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். இராய்தா அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பையிலிருந்து திருத்தத் தாளை எடுத்துக் கடைப் பலகைமேல் விரித்தார். கடற்காற்று அதைத் தூக்கியது. கோயோ கையைத் துடைக்காமலே கட்டைவிரலால் அதன் மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். இராய்தா கையெழுத்துப் போட்டார்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு, ஒரு மூலையில் எண்ணெய்க் கறையோடு, அந்தத் தாள் லீக் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.