ஆறு தட்டுக்கு அறுபது சொல்தினோ

பியாசியோ வெனிஸ் கப்பலில் இருபத்திரண்டு வருஷம் துடுப்பு வலித்தவன். கை காய்த்துப்போனதுதான் கண்ட பலன் என்று அவன் மனைவி அலுத்துக்கொள்வாள். அது முழுக்க நிஜமில்லை. சொந்த ஊரில் ஒரு கை மத்திமீனுக்கு மேல் பெறாத சொல்தினோ என்கிற குட்டி வெள்ளிக்காசு, சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் அரைப் பென்னியாகச் செல்லும். ஆங்கிலேயர் ஊரில் சில்லறைக்கு அப்படியொரு பஞ்சம். முட்டைக்காரியெல்லாம் வெனிஸ் கப்பல் எப்போது வரும் என்று காத்துக் கிடப்பாள்.

அந்த வருஷம் மகள் பெத்தாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஓர்சோலா லேசுப்பட்டவள் இல்லை. இங்கிலாந்து வெள்ளீயத் தட்டு ஆறு வந்தால்தான் கல்யாணம் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். தட்டுக்குப் பத்துக் காசு என்று போன வருஷத்து விலையை நம்பி, பியாசியோ அறுபது சொல்தினோவை இடுப்புக் கச்சைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு கிளம்பினான்.

போய் இறங்கினால், கப்பல்காரர் காசு இனிச் செல்லாது, கண்டால் பறிமுதல் என்று அரசாங்க உத்தரவு. நாசமாய்ப் போக! தட்டுக் கடைக்காரர் காசைப் பார்த்ததுமே வாசலைக் காட்டினார். இத்தனை பெரிய ஆளுக்கு நடுத்தெருவில் அழுகையே வந்துவிட்டது.

கடைக்காரரின் மனைவி மார்ஜரி பின்பக்கச் சந்து வழியாக ஓடிவந்தாள்.

"சட்டமெல்லாம் அவரோட போகட்டும். அரைப் பென்னிக்கு ரொட்டி வாங்க முடியாம அல்லாடுறது நான்தானே? காசைக் கொடுங்க. ஆனா தட்டுக்குப் பன்னெண்டு."

"அப்போ அஞ்சுதான் வரும், அக்கா. ஆறு இல்லேன்னா எம்பொண்ணு கல்யாணம் நின்னுடும்."

"மாட்டினா எங்க கடையே போயிடும். அதுக்குத்தான் அந்த ரெண்டு காசு." அவள் பார்வை அவனுடைய கம்பளி அங்கியில் நின்றது. "இது கெட்டியாத்தான் இருக்கு."

ஆறாவது தட்டுக்கு அதைக் கழற்றிக் கொடுத்தான். பிஸ்கே கடலின் ஊதல் காற்றில், பல் கிடுகிடுக்க, வெறும் சட்டையோடு ஊர்வரை துடுப்பு வலித்தான்.

கல்யாணத்தன்று ஓர்சோலா எல்லார் முன்னாலும் தட்டுகளை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்தாள்.

"இவ்வளவு சுளுவா கிடைக்கும்னு தெரிஞ்சிருந்தா எட்டு கேட்டிருப்பேனே, சம்பந்தி."

பியாசியோ பதில் சொல்ல வாயைத் திறந்தான். இருமல்தான் வந்தது.