குரங்குக்கு ஜிப் திறக்கத் தெரியும்

போன வாரம் என் மகன் அருணுக்கு நிச்சயதார்த்தம். பெண்ணுக்கு எடுத்த பட்டுப்புடவையைப் பெண்ணுக்கு முன்னால் வேறொருவர் தோளில் போட்டுப் பார்த்துவிட்டார். புளியமரத்து உச்சியில் உட்கார்ந்து. ஆமாம், குரங்குதான்.

தப்பு குரங்கு மேல் இல்லையாம். என் மனைவி மல்லிகா சொல்கிறாள். தப்பு என் ஜீப் மேல்... அதாவது, என் மேல்.

இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் படிக்கிற புண்ணியவான்களுக்கு என் ஜீப்பைத் தெரிந்திருக்கும். ரிட்டயர் ஆனதும் வாங்கியது. காடு, மலை, ஆறு எல்லாம் ஏறி இறங்கும் வண்டி. என்னிடம் வந்த பிறகு அது ஏறி இறங்கியதெல்லாம் எங்கள் ஊர் வேங்கிக்கால் ஸ்பீட் பிரேக்கர் மட்டும்தான்.

"ஹார்ட் டாப்பா சார், சாஃப்ட் டாப்பா?" என்று ஷோரூமில் கேட்டார்கள். இரும்புக் கூரையா, துணிக் கூரையா என்று அர்த்தம். கூரையைக் கழற்றிவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டே போகலாமே! துணிதான் என்றேன். ரொம்ப ஸ்டைலாகச் சொன்னேன்.

துணிக் கூரையோடு குடித்தனம் நடத்துவது எப்படி என்கிறீர்களா? சித்திரை வெயிலில் உள்ளே உட்கார்ந்தால் இட்லி படும் பாடு புரியும். மழை வந்தால் ஒழுகும். எங்கே? இடது பக்க மூலையில், மிகச் சரியாக மல்லிகாவின் மடியில். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் கொட்டாவி விடும் நேரத்தில் கூரையை மாட்டி முடிக்கிறார். நான் கொக்கி, பட்டன், பட்டை எல்லாம் மாட்டி நிமிர்வதற்குள் மழை விட்டு, தெருவும் காய்ந்திருக்கும். அப்புறம் அந்தப் பின்பக்க ஜிப்! என் இரண்டு கையோடு மல்லிகாவின் இரண்டு கையும் சேர்ந்தால்தான் நகரும். மெழுகுவர்த்தி தேய்த்தாயிற்று, தேங்காய் எண்ணெயும் விட்டாயிற்று. ம்ஹூம்.

பெண் பார்க்கப் போனபோதுதான் மானம் போனது. சம்பந்திக்குக் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம். மூட்டையைப் பார்க்கிற மாதிரியே என் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். கூரையை விரலால் அமுக்கினார். அது அமுங்கியது. ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"வண்டி வேலை இன்னும் முடியலீங்களா?"

மல்லிகா வீடு வந்து சேரும் வரை சிரித்தாள். இந்த வண்டி என்னவென்று அந்த மனிதருக்குக் காட்டாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அதனால்தான் நிச்சயத்தன்று அந்தப் பிடிவாதம். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் வேன் வந்திருந்தது. சீர்த் தட்டுகள் மட்டும் என் ஜீப்பில்தான் வரும் என்றேன்.

"தட்டெல்லாம் வேன்லயே வந்துடட்டும்ங்க. பொடவை இருக்குது அதுல."

"நம்ம சீரு நம்ம வண்டியில போனாத்தான்டி கெத்து."

"உங்க கெத்து இருக்கட்டும். பொடவைக்கு மட்டும் ஏதாவது ஆச்சு... நாளைக்கே அந்தத் துணியைப் பிடுங்கிட்டுத் தகரம் அடிச்சிடுவேன், பாத்துக்குங்க."

ஆக, புடவை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் என் கூரை பிழைக்கும். பதினொரு தட்டு ஏற்றினோம். ஒற்றைப்படையில்தானே சீர் வைக்க வேண்டும்?

வேங்கிக்காலிலிருந்து கீழ்பென்னாத்தூர் போக மலைப் பக்கம் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் நல்ல காரியத்துக்கு மலையைக் கும்பிடாமல் எங்கள் ஊரில் யார் கிளம்புகிறார்கள்? கிரிவலப் பாதையில் ஒரு பிள்ளையார். அவருக்கு ஒரு சூறைத் தேங்காய். வேன் நேரே போகட்டும், எங்கள் மூன்று பேருக்கும் ஐந்தே நிமிஷம்.

"நான் வண்டியிலயே இருக்கேம்ப்பா, பழம்லாம் இருக்குது" என்றான் அருண்.

"மாப்பிள்ளையே நீதான். நீ கும்பிடாம யாருடா கும்பிடறது? லாக் பண்ணிட்டேன், வா."

பூட்டினேன். இழுத்தும் பார்த்தேன். சாவியை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டேன். துணி வண்டிக்குக் கதவைப் பூட்டுவதும் கொசுவலைக்குத் தாழ்ப்பாள் போடுவதும் ஒன்றுதான். எனக்கு அப்போது உறைக்கவில்லை. கிரிவலப் பாதையில் வாழைப்பழத்தோடு வண்டியை விட்டுப் போகிற வெளியூர்க்காரர்களைப் பார்த்து இத்தனை வருஷமாகச் சிரித்தவன் நான்!

தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பினால், பின்பக்க ஜிப் முழுதாகத் திறந்திருந்தது. நாலு கை வேண்டிய அதே ஜிப். மெழுகு இல்லை, எண்ணெய் இல்லை! உள்ளே ஒரு தடித்த ஆண் குரங்கு தட்டுகளுக்கு நடுவே சம்மணம் போட்டு ஆப்பிள் தின்றுகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டாரில் அது ஒன்றுதான் அன்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

நான் கத்தித் தொலைத்தேன். வந்தது ஜிப் வழியாக. போகிற அவசரத்தில் பின் ஜன்னல் பிளாஸ்டிக்கைக் கிழித்துப் புது வழி போட்டுக்கொண்டது. போகும்போது கையில் புடவை. மாம்பழ நிறம், அரக்கு பார்டர்.

மல்லிகா திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. அழுதாள்.

"அந்தப் பொண்ணு ஆசைப்பட்டுக் கேட்ட கலருங்க..."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அருண்தான் ஆப்பிள் தட்டை எடுத்துக்கொண்டு அது ஏறிய புளியமரத்தடிக்குப் போனான். ஒவ்வொன்றாக நீட்டினான். அது இறங்கி வந்து வாங்கியது, மறுபடி ஏறியது. ஒரு கையில் ஆப்பிள், மறு கையில் புடவை. என்ன சாமர்த்தியம்! ஆப்பிள் தட்டு காலி. கடைசியில் வாழைப்பழத் தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு, மூன்று பேரும் கை கட்டிப் பின்னால் நகர்ந்தோம். பழத்தைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது அதற்கு. புடவையைப் போட்டுவிட்டது.

பார்டர் ஓரத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு கிழிசல்.

பதினொன்றில் இரண்டு தட்டு போய் ஒன்பது. ஒற்றைப்படை கெடவில்லை. சாஸ்திரம் தெரிந்த குரங்கு!

வேறு புடவை எடுக்க நேரமில்லை. ராகு காலத்துக்கு முன்னால் தட்டு மாற்றியாக வேண்டும். கீழ்பென்னாத்தூர் வரை கிழிந்த பிளாஸ்டிக் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது.

வாசலில் சம்பந்தி கைகூப்பினார். பார்வை பின் ஜன்னலுக்குப் போனது.

"வண்டி வேலை இன்னும்..."

"இன்னியோட முடிஞ்சிதுங்க சம்பந்தி" என்றாள் மல்லிகா, என்னைப் பார்க்காமல்.

சபையில் புடவைத் தட்டைக் கொடுத்தார்கள். பெண் நித்யா வாங்கிக்கொண்டு கட்டிவர உள்ளே போனாள். பின்னாலேயே மல்லிகாவும் போனாள். எனக்கு ஃபேன் காற்றிலும் வியர்த்தது. கிழிந்த புடவையைக் கொண்டுவந்து கொடுத்த வீட்டை நம்பிப் பெண் கொடுப்பார்களா? அழுதுவிடுவாளோ? அவள் அத்தைகள் வேறு முன்வரிசையில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார்கள்.

நித்யா வந்தாள். மாம்பழ நிறம் அவளுக்கென்றே நெய்த மாதிரி இருந்தது. பார்டரைத் தலைப்பு முதல் பாதம் வரை கண்ணால் தேடினேன். கிழிசலைக் காணோம். அத்தைகளும் தேடிவிட்டு, "கலர் நல்லா எடுத்திருக்காங்க" என்று முடித்துக்கொண்டார்கள். தட்டு மாறியது.

என் காலில் விழுந்து எழுந்தபோது நித்யா மெதுவாகச் சொன்னாள்:

"அத்தை எல்லாத்தையும் சொல்லிட்டாங்க மாமா. பொடவைக் கிழிசலைக் கொசுவத்துல வெச்சு சொருகிட்டேன், யாருக்கும் தெரியாது. வண்டிக் கிழிசலை எங்க சொருகப் போறீங்க?"

சிரிக்காமல் கேட்டாள். அந்த நிமிஷமே அவளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

மறுநாளே ஹார்ட் டாப்புக்குச் சொல்லிவிட்டேன். வீட்டில் மல்லிகா ஒருத்தி என்றால் எப்படியோ சமாளித்திருப்பேன் — இப்போது இரண்டு பேர்!