சாக்கு வாய் பிடிக்க ஓர் ஆள்

எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு வேப்பமரம், வாசலை ஒட்டிய சந்தில் ஒரு பாதாம் மரம். இரண்டும் பேசி வைத்துக்கொண்டது போல மாறி மாறி இலை கொட்டும். நகரத்தை விட்டுத் தள்ளி மனை வாங்கியபோது நிழல் வேண்டும் என்று அடம்பிடித்து நட்டவள் நான்தான், அதனால் வேறு யாரையும் திட்ட முடியாது. மரங்களைத்தான் திட்டுவேன். காலையில் கூட்டச் சீமாற்றை எடுத்தால் வாயும் கூடவே திறந்துகொள்ளும் என்று என் கணவர் சொல்வார்.

கூட்டிய சருகைப் போட எங்களுக்குக் கோழித் தீவனச் சாக்குதான். பல்லடம் பக்கம் பண்ணை வைத்திருக்கும் என் தம்பி, தீவனம் தீர்ந்த சாக்குகளைக் கட்டாகக் கட்டிக் கொடுத்துவிடுவான். வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்கு. தீவனத்தில் மீன்தூள் கலப்பதால், எத்தனை அலசினாலும் கருவாட்டு வாசம் போகாது. தெருப் பூனைகளுக்கு எங்கள் வீட்டின் மேல் இருந்த மரியாதைக்கு அதுதான் காரணம். குப்பை வண்டி வரும் நாளில் சருகை வண்டியில் கொட்டிவிட்டுச் சாக்கைத் திருப்பி வீசிவிடுவார்கள். அதை உதறி, அலசி, நிழலில் காயப்போட்டு மறுபடி எடுத்துக்கொள்ள வேண்டும்.

நிழலில் என்பது முக்கியம். வெயிலில் கிடந்த சாக்கு ஒரு கோடையைத் தாண்டாது. மாசியில் வேப்பஞ்சருகு கொட்டும்போது வெடவெடவென்று புதிதாக இருப்பது, சித்திரை முடிவதற்குள் தொட்டால் அப்பளம் போல நொறுங்கும். அந்தத் தூள் வாசலெல்லாம் ஒட்டிக்கொண்டு கூட்டவும் வராது. ஆடிக் காற்றில் கல் வைக்காத சாக்கு அடுத்த தெருவில்தான் கிடைக்கும். ஐப்பசி மழையில் அடி இற்றுப்போய், தூக்கும்போது ஈரச் சருகும் மரவட்டையுமாகக் காலில் கொட்டும். ஆகவே பருவத்துக்கு ஒரு முறை பழையதைக் கழித்துப் புதியதை எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

இந்தச் சாக்கில் ஒரே ஒரு குறை. அது தானாக நிற்காது. ஒருவர் வாயை விரித்துப் பிடித்தால்தான் இன்னொருவர் கொட்ட முடியும். எங்கள் வீட்டில் அந்த இன்னொருவர் கிடையாது. கணவர் விசைத்தறி மெக்கானிக். விடிவதற்கு முன்பே எங்காவது ஒரு தறி நின்றுவிட்டதென்று போன் வரும், பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். சாக்கின் ஒரு பக்கத்தைக் காலால் மிதித்து, மறுபக்கத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு, முறத்தில் அள்ளிக் கொட்டுவேன். கருவாட்டு வாசத்தோடு விடியும் என் பொழுது.

தீபாவளி கழிந்து மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், பைக்கின் கிளட்ச்சைப் பிடிக்கப் போன அவருடைய இடது கை அப்படியே கீழே தொங்கிவிட்டது. பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபின் கால் மெல்லச் சரியானது, பேச்சுக்குப் பழுதில்லை. கை மட்டும் வரவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்.

“இடது கைதானுங்களே. சாப்புடற கை தப்பிச்சுதே, அதுவே சாமி புண்ணியமுங்க.”

காபி கொடுத்து அனுப்புவேன். தறியில் ஒரு நட்டைக் கழற்றுவதற்கே இரண்டு கையும் வேண்டும். வேலை இல்லை, பைக் இல்லை, வேட்டி கட்டிக்கொள்ளக்கூட என்னைக் கூப்பிட வேண்டும். இதில் எது தப்பித்தது என்கிறார்கள்?

பிசியோதெரபிஸ்ட் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கிக்கொண்டே இருக்கச் சொன்னார். கை நரம்புகளுக்கு வேலை கொடுக்காமல் விட்டால் விரல்கள் மடங்கி இறுகிவிடும், அப்புறம் திருப்புவது கஷ்டம் என்று என்னிடம் தனியாகவும் சொன்னார். கணவர் பந்தை இரண்டு நாள் உருட்டிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்துவிட்டார்.

“நானென்ன தொட்டில்ல கெடக்கற கொளந்தையா?” என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச விடவில்லை.

மாசி வந்தது, வேம்பு கொட்டத் தொடங்கியது. அவர் போர்ட்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நான் சாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாக நடக்கும் கூத்தை அவர் அன்றுதான் முதல்முறை பார்க்கிறார்.

“பல்லு கில்லு கழண்டு போயிரும் அம்மணி. இங்க கொண்டா அத.”

சாக்கின் ஒரு பக்கத்தை வலது கையால் பிடித்தார். பிறகு அந்தக் கையை விட்டுவிட்டு, இடது கையை வலது கையால் தூக்கி, சாக்கின் மறுபக்கத்து விளிம்பில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டு, மறுபடி வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். நான் முறத்தைச் சாய்த்தேன். இடது பக்கம் வழுக்கிச் சருகு முழுக்க அவர் மடியில் கொட்டியது. ஐயோ என்று நான் பதறுகிறேன், அவர் சிரிக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

மறுநாள் நான் கூப்பிடுவதற்கு முன்பே நாற்காலியை வாசலில் போட்டுக்கொண்டார். நானும் கோணி ஊசியை எடுத்தேன். சாக்கின் விளிம்பை மடித்து, உள்ளே பழைய கொடிக்கயிறு ஒன்றை வைத்துத் தடிமனாகத் தைத்தேன், விரல்களுக்குப் பிடிமானம் கிடைக்கட்டும் என்று. பிடி கொஞ்சம் நிற்க ஆரம்பித்ததும், விரல்கள் இன்னும் மடங்கிப் பிடிக்கட்டும் என்று அடுத்த சாக்குக்கு மெல்லிய கயிறு வைத்துத் தைத்தேன். எதற்கு என்று அவரிடம் சொல்லவில்லை. கிழிசல் தைக்கிறேன் என்றேன். பந்துக்கு முகம் சுளித்த மனிதர் சாக்குக்கு மறுப்பு சொல்லவில்லை. பங்குனியில் வேப்பம்பூ உதிர்ந்தபோது, நான் பாதி முறம் கொட்டும்வரை அந்தக் கை தாங்கியது.

சித்திரையில் பெங்களூரிலிருந்து மகள் லீவுக்கு வந்தாள். சாக்குகள் வெயிலில் பொடிந்துகொண்டிருந்த சமயம். அப்பா வாசலில் உட்கார்ந்து, மேலெல்லாம் வெள்ளைத் தூளும் சருகுமாகச் சாக்கைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அப்பாவ எதுக்குங்கம்மா வெயில்ல உக்கார வெச்சு வேல வாங்கறீங்க?” என்றாள்.

அன்றே போனில் ஆர்டர் போட்டாள். பச்சை நிறப் பை, உள்ளே சுருள் கம்பி. கொக்கியைக் கழற்றினால் சடக்கென்று எழுந்து இடுப்புயரத்துக்கு நிற்கும், வாய் வட்டமாகத் திறந்தே இருக்கும். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். காபி கொதிக்கும் நேரத்தில் வாசல் சுத்தமாகிவிட்டது. பல்லுக்கும் வேலையில்லை, கருவாட்டு வாசமும் இல்லை. அவர் அதைச் சுற்றிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். மெக்கானிக் அல்லவா, கம்பியை எப்படிச் சுருட்டியிருக்கிறார்கள் என்று குனிந்தும் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்குது,” என்றார்.

நாற்காலி உள்ளே போனது. காலையில் டிவி முன்னால் உட்கார்ந்தால் மதியம்வரை அங்கேயேதான். மகள் ஊருக்குப் போனபின் பிசியோதெரபிஸ்ட் வந்தார், விரல்களை நீட்டிப் பார்த்தார். போன தடவை இருந்ததைவிட இறுகியிருக்கிறதே, பயிற்சியை விட்டுவிட்டீர்களா என்று கேட்டார். கை போனால்கூடத் தாங்கிக்கொள்வேன். அந்தக் கையோடு சேர்ந்து மனுஷனும் மடங்கி உட்கார்ந்துவிடுவாரோ என்றுதான் பயம்.

“வாசலுக்கு வாங்க, ஒருக்கா சாக்குப் புடிங்க,” என்று கூப்பிட்டேன்.

“அதுதான் தானா நிக்குதே. நானெதுக்கு?” என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தச் சொல் என்னை அன்று முழுக்கச் சும்மா இருக்கவிடவில்லை. சாயங்காலம் தம்பிக்குப் போன் போட்டுப் புதுச் சாக்கு அனுப்பச் சொன்னேன். பச்சைப் பையை மாடிக்குக் கொண்டுபோய் அழுக்குத் துணி போட வைத்துக்கொண்டேன். சாக்கு வந்த மறுநாள் காலையில் ஒன்றை உதறி எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

“உங்க பொண்ணு வாங்கிக் குடுத்தது சரிப்படலீங்க. காத்துல சாஞ்சு சாஞ்சு உளுகுது.”

“காத்தா?” என்றார்.

“ஆமாங்க.”

ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். வைகாசிப் புழுக்கம். வேம்பில் ஓர் இலை அசையவில்லை. என்னையும் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வலது கையால் நாற்காலியை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். எனக்கு அவரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. முறம் எங்கே வைத்துத் தொலைத்தேன் என்று சத்தமாகத் தேடிக்கொண்டு பின்னால் போனேன்.

மறுபடி தடித்த கயிற்றிலிருந்து ஆரம்பித்தோம். ஆனி முடிவதற்குள் மெல்லிய கயிற்றுக்கு வந்துவிட்டோம். ஆடி பிறந்ததும், நான் சொன்ன பொய்யை மெய்யாக்க வந்தது போலக் மேற்கு மலைக் கணவாய்க் காற்று இறங்கியது. அது பாதாம் மரத்தின் முறை. கையகல இலைகள், செம்பழுப்பாக, கொட்டுகொட்டென்று கொட்டும். காற்றில் சாக்கு உப்பிக்கொண்டு இழுக்கும், அதனால் அவர் எழுந்து நின்றுதான் பிடிப்பார். குளிருக்குத் தலையில் ஒரு துண்டு.

அன்று நான் முறத்தை நிறைத்து நிமிரும்போது பெரிதாக ஒரு காற்று வந்தது. துண்டு அவர் தலையிலிருந்து கிளம்பியது. பழக்கதோஷம், வலது கை சாக்கை விட்டுவிட்டுத் துண்டைத் தாவிப் பிடித்தது. போச்சு, சாக்கு அடுத்த தெருவுக்கு என்று நினைத்தேன்.

சாக்கு போகவில்லை. இடது கையில் இருந்தது. காற்று அதைப் பட்டம் போல இழுத்தது, கை முழங்கைவரை நடுங்கியது, விடவில்லை. அவர் தன் கையையே வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முறத்தைக் கீழே போட்டுவிட்டேன். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

காற்று தணிந்தது. அவர் கை சாக்கை விடவில்லை.

“உட்டுப் போடுங்க, போதும்,” என்றேன்.

“உட வர மாட்டீங்குது அம்மணி,” என்றார். விரல்கள் இறுகிக்கொண்டுவிட்டன. பிடிக்கத் தெரிந்துகொண்ட கைக்கு விடுவது இன்னும் வரவில்லை.

பக்கத்தில் போய் நின்று, சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக நீவி நீவிப் பிரித்தேன். உள்ளங்கையில் நான் தைத்த கயிறு பதிந்து சிவந்திருந்தது. எங்கே வலித்துவிடப் போகிறதோ என்ற பதற்றத்தில் நான்தான் இப்போது அவசரப்பட்டேன்.

“மெதுவா எடு,” என்றார். “நமக்கென்ன அவசரம்.”

அதற்குள் முறத்தில் இருந்தது, கூட்டிக் குவித்திருந்தது எல்லாம் காற்றில் கிளம்பி வாசல் முழுக்கப் பரவியிருந்தது. தலைக்கு மேலே பாதாம் மரம் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. அன்று ஒரு நாள் நான் அதைத் திட்டவில்லை.