கறுப்புக் கரை போட்ட கேள்விகள்

ஆடி மாதத்தில் யாரும் கல்யாணப் பத்திரிகை அடிக்க வரமாட்டார்கள். திண்டிவனத்தில் என் அப்பா நடத்திய சிறிய அச்சகத்தில் அந்த ஒரு மாதம் இயந்திரம் ஓடியதெல்லாம் பெரும்பாலும் இறந்தவர்களின் பொருட்டே. மஞ்சளும் ரோஜா நிறமுமான அட்டைகள் ஆனி முடிவதற்குள் தீர்ந்துபோயிருக்கும். நான்கு பக்கமும் கறுப்புக் கரை அச்சிட்டு, நடுவில் பெயருக்கும் நாளுக்கும் இடம் விட்டு அடுக்கி வைத்த கருமாதி அட்டைகள் மட்டுமே மிஞ்சியிருக்கும். விமானம் ஓட்டுவதற்கான பரீட்சைக்குப் படிக்கவென்று என் தாய்மாமன் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது அப்படிப்பட்ட ஓர் ஆடியில்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

மாமா என் அம்மாவுக்கு ஒரே தம்பி. யுத்த காலத்தில் உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் போட்டிருந்த ஓடுதளத்தில் விமானங்கள் இறங்குவதைக் கம்பங்கொல்லை வரப்பில் நின்று பார்த்து வளர்ந்தவர். பார்த்ததோடு விடாமல் சென்னைக்குப் போய்க் கற்றுக்கொண்டு, தனியாகப் பறக்கவும் தொடங்கியிருந்தார். எழுத்துப் பரீட்சைதான் அவரைத் தரையில் நிறுத்தி வைத்திருந்தது. இரண்டு முறை எழுதியும் தேறவில்லை. மூன்றாம் முறையும் தவறினால் ஊருக்குத் திரும்பி கொல்லையில் மல்லாட்டை விதைக்க வேண்டியதுதான் என்று தாத்தா தீர்ப்புச் சொல்லிவிட்டார். மாமா தவற வேண்டும் என்றே அம்மா மயிலம் முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். தம்பி உயிரோடு தரையில் நடமாடினால் போதும் என்று நினைக்கும் அக்காவை யார்தான் கோபித்துக்கொள்ள முடியும்?

படித்தது தலையில் தங்குவதற்கு வழி சொன்னவர் மாமாவின் நண்பர். மயிலம் போகும் சாலையில் ஒரு கிராமத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. மாமாவோடு சேர்ந்து பறக்கக் கற்றவர். அந்தப் பரீட்சையை முதல் முறையிலேயே முடித்தவர். ஓர் அட்டையின் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். கேள்விப் பக்கத்தை வேறொருவர் காட்ட, பார்த்த மாத்திரத்தில் பதில் சொல்ல வேண்டும். தவறினால் அந்த அட்டை கட்டின் அடியில் போகும்; மறுபடியும் வரும். கேள்விகளை மாமாவும் பதில்களை நண்பரும் எழுதுவதென்று ஏற்பாடு. தடித்த அட்டை வேண்டும் என்றார்கள். அப்பா தம்மிடம் இருந்ததைக் கொடுத்தார்.

அந்த அட்டைகளைக் கூடத்தில் பரப்பியதும் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். எங்கள் பக்கத்தில் கருமாதி அட்டை வந்தால் வாசலில் நின்றே படித்துவிட்டுக் கிழித்துப் போடுவார்கள்; நாள் மறந்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் வெளியே கூரை ஓட்டு இடுக்கில் செருகி வைப்பார்கள். நிலைப்படிக்குள் அது வரக் கூடாது.

“இன்னாடா இது? வூட்டுக்குள்ள எழவுச் சீட்டைப் பரப்பி வெச்சிக்கினு படிக்கிறியா?”

“காலி அட்டைதானேக்கா. யார் பேரும் இல்லயே.”

“அதாண்டா பயமா இருக்குது.”

மாமா சிரித்தார். நண்பர் சிரிக்கவில்லை. “அக்கா சொல்றதுலயும் நியாயம் இருக்குதுடா. ஏதாச்சும் பரிகாரம் பண்ணிக்கங்கக்கா, நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்” என்றார்.

அம்மா மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து, கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதுபோல் ஒவ்வோர் அட்டையின் நான்கு மூலையிலும் தொட்டு வைத்தாள். கறுப்புக் கரையின் மேல் மஞ்சள் சரியாகப் பிடிக்கவில்லை. பழைய காயத்தின் நிறத்தில் காய்ந்தது. “எங்க வூட்ல தீர்த்தம் தெளிப்பாங்க, நீங்க மஞ்ச வெக்கிறீங்க. ரெண்டு பக்கமும் சொல்லி வெச்சிட்டா நல்லதுதான்” என்று நண்பர் எழுதிக்கொண்டே சொன்னார். இடது கைக்காரர். அவருடைய எழுத்துகள் எல்லாம் காற்றில் சாய்ந்த பயிர்போல ஒரே பக்கம் சரிந்திருக்கும்.

கடைசி அட்டைக்கு அம்மாவின் விரல் வருமுன் அதை அவர் எடுத்துக்கொண்டார். தரையை விட்டு எழும்பியவுடன் இயந்திரம் நின்றுபோனால் என்ன செய்வாய் என்பது அதில் இருந்த கேள்வி.

“புஸ்தகத்துல ஒரு வரிதான் போட்டிருக்கான். இதுக்கு மட்டும் நானே யோசிச்சு எழுதி அனுப்பறேன்டா” என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். அவர் பேருந்து பிடிக்க வேண்டியிருந்தது.

“இரு தம்பி, அதுக்கு மஞ்ச வெக்கலயே!”

“தபால்ல திரும்பி வரும், அப்ப வெச்சிக்கங்கக்கா.”

அவர் அன்று மாலையே சென்னைக்குப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து பகல் உணவுக்குப் பின் அட்டை காட்டும் வேலை என்னுடையதாயிற்று. கன்னியாஸ்திரீகளின் பள்ளியில் படித்ததால் எனக்கு ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிக்க வரும். மாமா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கறுப்புக் கரை அவர் பக்கம். சாய்ந்த எழுத்து என் பக்கம். இரண்டு விமானங்கள் எதிரெதிரே வந்தால் எந்தப் பக்கம் விலக வேண்டும்? எந்த மேகத்துக்குள் நுழையக் கூடாது? இயந்திரத்துக்குள் பனி உறைவதை எப்படி அறிவது? தார் உருகும் திண்டிவனத்து வெயிலில் இயந்திரத்துக்குள் பனி உறையும் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் அட்டையில் அப்படித்தான் எழுதியிருந்தது.

ஒரு நாள் நான் தண்ணீர் குடிக்க எழுந்த நேரத்தில் ஆடிக் காற்று கூடத்துக்குள் புகுந்தது. பதில் பக்கம் மேலாகப் பரப்பி வைத்திருந்த அட்டைகள் சடசடவென்று எழும்பி விழுந்தன. திரும்பி வந்து பார்த்தபோது தரை முழுவதும் கறுப்புக் கரையாகவே கிடந்தது. ஓர் அட்டைகூடப் பதில் பக்கமாக விழவில்லை. மாமா குனிந்து பொறுக்கினார். அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குச் சில நாட்கள் கழித்து, முற்பகல் வேளையில், தபால்காரர் எங்கள் வாசலுக்கு வந்தார். வழக்கமாக நிலைப்படிவரை வந்து குரல் கொடுக்கிறவர், அன்று தெருவிலேயே நின்றுகொண்டார்.

“அம்மா, கொஞ்சம் வெளிய வாங்க. சேதி வந்துக்கீது.”

அவர் கையில் ஒட்டாத உறை ஒன்று இருந்தது. அதன் வாயில் கறுப்புக் கரை தெரிந்தது. அம்மா இறங்கி ஓடினாள். தாத்தாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும்; உறையைத் தொடுமுன்பே “அப்பா” என்று அழத் தொடங்கிவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வெளியே வந்துவிட்டார்கள். மாமா அவள் கையிலிருந்து அட்டையை வாங்கி, ஒரு பக்கம் பார்த்து, மறுபக்கம் பார்த்து, தெரு அதிரச் சிரித்தார்.

“ஐயோ அக்கா! இது கேள்வி அட்டைக்கா. அந்தப் பய அனுப்பி வெச்சிருக்கான்!”

“இன்னா சார் நீங்க, எழவுக் காயிதத்துல வெளையாடறீங்க. நான் பயந்தே பூட்டேன்” என்றார் தபால்காரர். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாமாவின் முதுகில் ஓர் அடி வைத்தாள். எல்லோரும் சிரித்தோம். அட்டையின் மறுபக்கத்தில் சாய்ந்த எழுத்தில் பதில் இருந்தது: மூக்கைத் தாழ்த்து. எதிரே எது இருக்கிறதோ அங்கே இறங்கு. திரும்பாதே. அதன் கீழே தமிழில் ஒரு வரி: அக்காவை இப்போது மஞ்சள் வைக்கச் சொல்.

அம்மா மஞ்சள் உரைக்க உள்ளே போனாள். அட்டையை மட்டும் உள்ளே கொண்டுவர விடவில்லை. மாமா அதைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றிருந்தார்.

அப்பா பகலில் வீட்டுக்கு வருவதில்லை. அன்று வந்தார். சற்றுமுன் தபால்காரர் நின்ற அதே இடத்தில், தெருவிலேயே நின்றார். அச்சு மை படிந்த விரல்களுக்கிடையே மடித்த தாள் ஒன்று இருந்தது.

“தம்பி, இப்படி வா.”

நண்பரின் அண்ணன் அச்சகத்துக்கு வந்திருந்தாராம், அட்டை அடிக்கக் கொடுக்க. எழுதிக் கொண்டுவந்த தாளை அச்செழுத்துக் கோக்க எடுத்தபோதுதான் அப்பா பெயரைப் பார்த்தாராம். முந்தின நாள் காலையில் எழும்பிய விமானம். எழும்பியவுடன் இயந்திரம் நின்றிருக்கிறது. நண்பர் ஓடுதளத்தை நோக்கித் திரும்பியிருக்கிறார். அதற்கு உயரம் போதவில்லை.

மாமா கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். பறக்கப் போகும் வழியில்தான் அதைத் தபாலில் போட்டிருக்க வேண்டும். விரலில் மஞ்சளோடு அம்மா வெளியே வந்தாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. மூவரையும் மாறிமாறிப் பார்த்தவள், விரலைத் தன் புடவையிலேயே துடைத்துக்கொண்டாள். பிறகு மாமாவின் கையிலிருந்து அட்டையை மெல்ல எடுத்து, கூரை ஓட்டின் இடுக்கில் செருகினாள்.

அடக்கத்துக்குப் போய்வந்தபின் மாமா அட்டைக் கட்டைத் தொடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு முறை, நான் கேட்காமலேயே, “பதில் தெரியாம இல்ல பாப்பா. பின்னாடி ஓடுதளம் இருக்குன்னு தெரியறப்போ, முன்னாடி இருக்கற பனங்காட்டுல போய் இறங்க யாருக்கு மனசு வரும்?” என்றார். பதிலைத் தன் கையாலேயே எழுதியவர் எப்படித் தவறாகச் செய்ய முடியும் என்பது மட்டும் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. எங்கள் பள்ளியில் அப்படி நடப்பதில்லை.

பரீட்சை நெருங்கியது. அம்மாவின் வேண்டுதல் பலித்துவிட்டது என்றே நினைத்தேன். மாமா எழுதப்போவதில்லை, ஊருக்குப் போய்க் கொல்லையைப் பார்த்துக்கொள்வார். அம்மா முகத்தில் மகிழ்ச்சி இருக்கும் என்று பார்த்தேன். இல்லை. அவள் மாமா சாப்பிடாமல் வைத்த தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பகலில் அவள் வெளியே போய், ஓட்டு இடுக்கிலிருந்து அந்த அட்டையை எடுத்தாள். எங்கள் வீட்டில் யாரும் செய்யாததை அவள் செய்தாள்: அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்து, மாமாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, கறுப்புக் கரை அவர் பக்கம் தெரிய நீட்டினாள்.

“சொல்லுடா.”

“வேணாம்க்கா.”

“அந்தப் புள்ள எழுதிக் குடுத்தத நீ சொல்லு. நான் கேக்கணும்.”

காற்றில் அட்டையின் விளிம்பு துடித்துக்கொண்டே இருந்தது. பிறகு, தமக்குப் பழக்கமில்லாத நிதானத்தோடு, ஏறத்தாழ நண்பரின் குரலிலேயே சொன்னார். அறையில் இன்னொருவர் இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன்.

“இன்னொருவாட்டி சொல்லு” என்றாள் அம்மா.

அந்த முறை மாமா தேறினார். பல ஆண்டுகள் பறந்தார். விடுமுறைக்கு வந்து திரும்பும் ஒவ்வொரு முறையும், ரயிலுக்குக் கிளம்பி வாசலில் இறங்கியதும், அம்மா ஓட்டு இடுக்கிலிருந்து அந்த அட்டையை எடுத்து அவர்முன் நீட்டுவாள். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்வார். சொன்ன பிறகுதான் அவள் வழி விடுவாள். அந்த ஓர் அட்டைக்கு மட்டும் அவள் கடைசிவரை மஞ்சள் வைக்கவில்லை. நடுவில் ஒரு பெயர் வந்து உட்கார்ந்துவிட்ட அட்டைக்கு மஞ்சள் வைப்பதில்லை.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பல தடவை அட்டை தலைகீழாகவே இருக்கும். நான் பொறுப்போடு எட்டி அதை நேராகத் திருப்பி வைப்பேன். மனப்பாடமாகிவிட்ட ஒரே வரியை எதற்காக மறுபடி மறுபடி கேட்கிறாள், மாமா ஏன் ஒருமுறைகூட அட்டையைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தே பதில் சொல்கிறார் என்பதெல்லாம் எனக்கு அப்போது புரியவில்லை. அட்டையை நேராகப் பிடித்தால்தான் கேள்வி கேட்டதாகும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.