புது கார்டும் எட்டாவது ஸ்டேஷனும்

எங்கள் பெரியப்பா ஒன்று சொல்வார்: "தராசைப் பாக்காத, அதைப் பிடிக்கிற கையைப் பாரு." இல்லை, "கையைப் பாக்காத, தராசைப் பாரு" என்றாரா? சரியாக நினைவில்லை. எப்படியானாலும், கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் வாடிக்கையாளர் இரண்டையும் பார்ப்பார். பார்த்துவிட்டும் நம்ப மாட்டார். பெட்டியைத் திறந்து பிழைக்கும் சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா? மூடியைக் கழற்றிய நிமிடத்திலிருந்து நாம் திருடர்கள்தான். திருப்பி மூடும்வரை அதை மறுத்துக்கொண்டிருப்பதுதான் நம் வேலை.

ஷார்ஜாவில் பதினாறு வருடம் இதே வேலை பார்த்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூரில் கடை போட்டு இரண்டு வருடம் ஆகிறது. அங்கேயும் சந்தேகப்பட்டிருப்பார்கள். அரபியில் பட்டதால் எனக்குப் புரியவில்லை.

மஞ்சள் கோடு

ஜோசப் மண்ணூர்க்காரர். ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனி ஒன்றில் லைன் லீடர். ஒரு சனிக்கிழமை தன் கேமிங் கம்ப்யூட்டரை பைக்கின் டேங்க் மேல் வைத்து ஓட்டிக்கொண்டு வந்தார். பெட்டியில் ஒவ்வொரு திருகாணியின் தலையிலும் மஞ்சள் மார்க்கரால் ஒரு கோடு. கோட்டின் மறுபாதி பெட்டியின் தகட்டில். கம்பெனியில் போல்ட்டை முறுக்கி முடித்ததும் இப்படித்தான் கோடு இழுப்பார்களாம். அப்புறம் யாராவது கழற்றி மாட்டினால் இரண்டு பாதியும் ஒரே நேராக நிற்காது. உள்ளே பிராசசருக்கு மேல் இருக்கும் விசிறியின் திருகாணிகளையும் அவர் விடவில்லை.

புது கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்றார். விளையாட்டில் படத்தை வரைவது அந்தக் கார்டு. எதை வரைய வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது பிராசசர். "பிராசசர் எந்த வருஷத்து..." என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். பவர் சப்ளை தாங்குமா என்று பார்க்க மட்டும் விட்டார். கார்டை மாட்டி ஆன் செய்தபோது, திரையில் ஒரு நொடி பிராசசரின் பெயர் வந்து போனது. ஒன்பது வருடப் பழசு. பார்த்தேன், சொல்லவில்லை. சொன்னால் இன்னொன்றைத் தலையில் கட்டப் பார்க்கிறான் என்பார். தவிர, அந்தக் கார்டு இரண்டு மாதமாக என் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது.

கிளம்புமுன் மொபைல் டார்ச்சை அடித்து உள்ளேயிருந்த மஞ்சள் கோடுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்க சார், எங்க மேனேஜர் முறுக்குன போல்ட்டையே நான் நம்புறதில்ல."

மூக்குப் பரிசோதனை

மூன்றாம் நாள் திரும்பி வந்தார், கூடவே குணா. குணா அதே கம்பெனியில் குவாலிட்டி பிரிவு. விளையாட்டு முன்னைவிடக் கொஞ்சம்தான் வேகமாம். சண்டைக் காட்சியில் கூட்டம் சேர்ந்தால் திக்கித் திக்கி நிற்கிறதாம். இதே கார்டு குணா வீட்டில் இரண்டு மடங்கு ஓடுகிறதாம். ஆகவே நான் விற்றது எங்கோ இரவு பகலாக ஓடித் தேய்ந்த கார்டு. துடைத்து, புது டப்பாவில் போட்டது.

"டப்பாவோட சீலை உடைச்சதே நீங்கதானே?" என்றேன். சீலை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம் என்றார் குணா. சொல்லக்கூடியவர்தான், அவர் வேலையே அது. பிராசசர் பழசாக இருக்கலாம் என்றேன். 'இருக்கலாம்' என்று என் வாயில் வந்ததை நானே கவனித்தேன். அவர்கள் கவனிக்கவில்லை. குணா கார்டைக் கழற்றச் சொல்லி வாங்கி, அதன் விசிறிக்குள் மூக்கை வைத்து இழுத்தார்.

"இன்னா சார், புதுப் பொருளோட வாசனையே காணோம்?"

முந்நூறு பேர்

அன்று மாலையே தங்கள் ஷிப்ட் வாட்ஸ்அப் குழுவில் ஜோசப் ஒரு கேள்வி போட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் கார்டு வாங்கினேன், பழசோ என்று சந்தேகம், வேறு யாருக்காவது அனுபவம் உண்டா? குழுவில் முந்நூறு பேர். யாருக்கும் அனுபவம் இல்லை. எல்லோரிடமும் கருத்து இருந்தது; அது மற்ற கம்பெனிக் குழுக்களுக்கும் பரவியது.

என் கடை கம்பெனி பஸ்களை நம்பிய கடை. பஸ் வந்து நிற்கும், ஆட்கள் இறங்குவார்கள், கடையை ஓரக்கண்ணால் பார்த்தபடி டீக்கடைக்குப் போவார்கள். இப்படியே இரண்டு மாதம் போனால் ஷட்டரை இறக்கிவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் மறுபடி விசாவுக்கு அலைய வேண்டியதுதான். ஹாஸ்டலில் தங்கி செல்போன் கம்பெனிக்குப் போகும் திருநெல்வேலிப் பெண் ஒருத்தி, கொடுத்த லேப்டாப்பை ரிப்பேர் ஆகாமலே திருப்பிக் கேட்டாள். என்னம்மா விஷயம் என்றேன்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, ஊருக்குப் போறேன், அதான்... உள்ள எல்லாம் அப்படியேதான இருக்கு?"

எட்டாவது ஸ்டேஷன்

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜோசப்பைக் கம்ப்யூட்டரோடு வரச் சொன்னேன். குணாவும் வந்தார், வீடியோ எடுக்க. விளையாட்டை ஓடவிட்டு, திரையின் ஓரத்தில் இரண்டு எண்களை வரவழைத்தேன். பிராசசர் நூறு சதவீதம் உழைத்துக்கொண்டிருந்தது. கார்டு நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை. படத்தின் தரத்தைக் குறைத்தேன், வேகம் கூடவில்லை. தரத்தை ஏற்றினேன், வேகம் குறையவும் இல்லை. தேய்ந்த கார்டாக இருந்தால் ஏற்றும்போது மூச்சு வாங்கியிருக்க வேண்டும். தமிழ் மீடியத்தில் பாதி, இங்கிலீஷ் மீடியத்தில் பாதி படித்தவன் நான்; இரண்டிலும் விளக்கிப் பார்த்தேன். குணா கேமராவை என் விரல்களுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார், அந்த எண்களை நான்தான் தட்டுகிறேனோ என்று.

ஜோசப் மட்டும் அந்த நாற்பத்தைந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார். "டேய் குணா, நம்ம லைன்ல ஒம்போதாவது ஸ்டேஷனுக்குப் புது மெஷின் எறக்குனாங்களே, ஞாபகம் கீதா? எட்டாவதுல நின்னவன் ஒரு சீட்டுக்கு எழுவது செகண்ட் எடுத்துகினு இருந்தான். புது மெஷின் சீட்டு வராம கையக் கட்டிகினு நின்னுச்சு. நாம இன்னா பண்ணோம்? மெஷினு டூப்ளிகேட்டுன்னு கம்ப்ளைன்ட் குடுத்தோம்."

குணா வீடியோவை நிறுத்தினார். ஜோசப் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப எட்டாவது ஸ்டேஷன் என் பிராசசரா சார்?"

பழசுக்குப் பழசு

அவருடைய மதர்போர்டில் உட்காரக்கூடிய, இன்னும் வேகமான பிராசசர் ஒன்று உண்டு. ஆனால் அதைத் தயாரிப்பதை நிறுத்தி வருடக்கணக்காகிறது. வேறு கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியதுதான் கிடைக்கும். அது வேண்டாம் என்றால் போர்டு, ராம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். தயங்கித் தயங்கித்தான் இதைச் சொன்னேன். ஜோசப் விழுந்து விழுந்து சிரித்தார். "பழச வித்துட்டீங்கன்னு சண்டைக்கு வந்தவன்கிட்டயே பழச விக்கிறீங்க! கில்லாடி சார் நீங்க." வாங்கி மாட்டிவிடச் சொன்னார்.

பிறகு மொபைலை எடுத்துக் குழுவுக்குத் தட்ட ஆரம்பித்தார். முடித்ததும் எனக்குப் படித்தும் காட்டினார்: கார்டு புதுசுதான், கடைக்காரர் மேல் தப்பு இல்லை, பிராசசர் பழசு என்று நான் அவரிடம் சொல்லவில்லை, அவருக்குத் தெரிய வழியும் இல்லை. படித்துவிட்டு, அனுப்பலாமா என்பதுபோல் என்னைப் பார்த்தார். குணாதான் அவசரப்பட்டார்.

"அனுப்புடா, பாவம் மனுஷன், ஒரு வாரமா ஈ ஓட்டிகினு கீறாரு."

அவருக்குத் தெரிய வழியும் இல்லை என்ற கடைசி வரியை எடுத்துவிட்டு, பிராசசர் பழசு என்று கடைக்காரர் கார்டு மாட்டிய அன்றைக்கே பார்த்தார், சொல்லவில்லை என்று போடச் சொன்னேன்.