அண்ணன் வீட்டு மரத்தரை

என் அண்ணனை நான் இரும்புக் குழாயால் இரண்டு முறை அடித்தேன். முதல் அடி கோபத்தில் விழுந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதற்கு அப்படிச் சொல்ல வழியில்லை. அவன் அப்போது கீழே உட்கார்ந்துவிட்டிருந்தான்.

கடலூர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா போன பிறகு கீழ்வீடு எனக்கு, மாடி அண்ணனுக்கு என்று பிரித்துக்கொண்டோம். மாடிக்குக் காரைத் தளம் கிடையாது. குறுக்கே உத்தரங்கள், அவற்றின் மேல் தேக்குப் பலகைகள், அவ்வளவுதான். மேலே ஒரு சொம்பு உருண்டால், எந்தப் பக்கம் உருள்கிறது என்று கீழே படுத்தபடியே சொல்லிவிடலாம்.

எனக்குக் கெமிக்கல் கம்பெனியில் நிரந்தர நைட் ஷிப்ட். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலை ஏழரைக்கு வந்து படுப்பேன். ஒன்பது மணிக்கு அண்ணி தையல் மெஷினில் உட்காருவார். கடைகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பது அவர் தொழில். மோட்டார் வைத்த மெஷின். அது ஓடினால் பலகை அதிரும், உத்தரம் அதிரும், என் கட்டிலும் அதிரும். லீவு நாட்களில் அவர்களுடைய மகள் குதிப்பதும் சேர்ந்துகொள்ளும். அவளுக்கு எட்டு வயது.

முதலில் சொல்லிப் பார்த்தேன். அண்ணன் மெஷின் கால்களுக்கு அடியில் பழைய டயரை வெட்டி வைத்தான். பயனில்லை. பிறகு ஒட்டடைக் கோலால் பலகையை இடிக்கத் தொடங்கினேன். இடித்தால் மெஷின் கொஞ்ச நேரம் நிற்கும். அப்படி நிற்கவைப்பது எனக்குப் பிடித்துப்போயிற்று. கோல் ஒடிந்ததும் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். சத்தமே இல்லாத நாட்களிலும் இடித்திருக்கிறேன்.

அன்று சித்திரை வெயில். மின்விசிறி நின்று நின்று சுற்றியது. மேலே கத்தரிக்கோல் விழுந்து, என் முகத்துக்கு நேராக ஆணி அறைந்தது போல் கேட்டது. குழாயோடு படியேறினேன். மெஷினைத்தான் முதலில் அடித்தேன். சக்கரம் கழன்று ஓடியது. அண்ணி நாற்காலியோடு சாய்ந்தார். குளித்துக்கொண்டிருந்த அண்ணன் ஈரத்துண்டோடு ஓடி வந்து குறுக்கே கையை நீட்டினான். அந்தக் கையை அடித்தேன். முழங்கைக்குக் கீழே அது இருக்கக்கூடாத பக்கம் மடங்கியது. அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கையைப் பார்த்தான். நான் அவன் தோளில் இன்னொரு அடி வைத்தேன்.

மூன்றாவதற்கு ஓங்கியபோது என் முதுகில் ஏதோ இறங்கியது. அண்ணி கத்தரிக்கோலால் குத்தியிருந்தார். திரும்பினால், அவர் அதைப் பிடுங்கி மறுபடி குத்தத் தயாராக நின்றார். அதற்குள் எதிரே வலைக் கடையிலிருந்து ஆட்கள் வந்து என்னைப் படியில் இழுத்துப் போனார்கள். போகும்போது அவர்களில் ஒருவன் கடைவாயில் குத்தினான். இரண்டு பல் ஆடியது.

முதுகில் தையல் போட்டுவிட்டு நேரே சிறைக்கு அனுப்பினார்கள். ஜாமீன் கிடைத்தபோது, கடலூரில் இருக்கக்கூடாது, சிதம்பரத்தில் தங்கித் தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. அங்கே என் தங்கை இருக்கிறாள். அவள் சோறு போட்டாள், முகம் பார்க்கவில்லை. அவள் புருஷன் வீட்டு உள்வேலை செய்கிற தச்சர், என்னைவிடப் பத்து வயது இளையவர். சும்மா உட்கார வேண்டாம் என்று வேலைக்கு அழைத்துப் போனார்.

வடக்கு வீதிப் பக்கம் ஒரு பழைய வீடு. மரத்தரை போட்ட மாடியில் நடன வகுப்பு, கீழே பல் வைத்தியர். பிள்ளைகள் தட்டுகிற தட்டில் வைத்தியர் கை நடுங்கி, ஒருநாள் அவர் மாடிக் கதவை உதைத்து உடைத்திருக்கிறார். அதன்பிறகுதான் சத்தம் தடுக்கும் பலகை போட ஒப்புக்கொண்டார்கள். கதையைக் கேட்டதும் நான் வைத்தியர் பக்கம்தான் நின்றேன்.

அந்தப் பலகையின் மேல்பக்கம் கெட்டியாக இருக்கும், அடியில் ரப்பர் மாதிரி நுரை. ஒன்றோடொன்றைக் கோத்து, பழைய தரைமேல் சும்மா கிடத்த வேண்டும். சுவரைத் தொடக்கூடாது, ஓரத்தில் நுரைப் பட்டை கொடுக்க வேண்டும். ஆணி அடிக்கவே கூடாது. ஒரு ஆணி உத்தரத்தைத் தொட்டாலும் அதன் வழியே சத்தம் இறங்கிவிடும். ஒரு பலகையின் விளிம்பு உட்காராமல் தூக்கிக்கொண்டே இருந்தது. சுத்தியலை எடுத்து, அது பிளந்து சிதறும்வரை அடித்தேன். தங்கை புருஷன் சுத்தியலை என் கையிலிருந்து வாங்கினார்.

"மச்சான், இன்னொரு தடவ இப்டி அடிச்சீங்கன்னா, இவருக்கு ஜாமீனே வேணாம்னு ஸ்டேஷன்ல நானே எழுதிக் குடுத்துடுவேன்" என்றார்.

சில மாதங்களில் நிபந்தனை தளர்ந்தது. அண்ணன் வீட்டுத் தரைக்கும் அதே பலகை போடுவது என்று தங்கை பேசி முடித்தாள். நானும் வேலை செய்யலாம், ஆனால் வாய் திறக்கக்கூடாது என்று அண்ணி சொல்லி அனுப்பியிருந்தார்.

உத்தரங்களுக்கு இடையில் பஞ்சு அடைப்பதற்காகப் பழைய பலகைகளைப் பெயர்த்தோம். சந்து வழியே கீழே என் கட்டில் தெரிந்தது, தலையணை தெரிந்தது. சன்னலோரம் ஒரு பலகை மட்டும் நடுவில் மேலே புடைத்துப் பிளந்திருந்தது. நான் அதைத் தடவிப் பார்த்ததை அண்ணி பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து நின்றார்.

"அது பாப்பா படுக்கற எடம். காச்சல்னு ஸ்கூலுக்குப் போவாத அன்னிக்கெல்லாம் அங்கதான் படுப்பா. நீ கீழேந்து இடிக்கறது அவ முதுவுலதான் இடிக்கும். பாய நனச்சிடுவா."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாத. வேலையப் பாரு."

கடப்பாரை என் கையில் இருந்தது. அந்தப் பலகையைப் பெயர்க்க வெகுநேரம் ஆயிற்று. குழந்தை அந்த இரண்டு நாளும் பக்கத்து வீட்டில் இருந்தாள். அண்ணன் கட்டுப் பிரித்த கையை மடியில் வைத்துக்கொண்டு உள்ளறையிலேயே உட்கார்ந்திருந்தான்.

தரை முடிந்த பிறகு நான் கீழ்வீட்டுக்கே வந்துவிட்டேன், கம்பெனியும் பழைய நைட் ஷிப்ட்டில் திரும்பச் சேர்த்துக்கொண்டது. சத்தம் பெரும்பாலும் நின்றது. சக்கரம் மாற்றிய மெஷின் ஓடுவது எங்கோ தெருக்கோடியில் ஓடுவது போலக் கேட்கும். நான் தூங்கியிருக்க வேண்டும். தூங்கவில்லை. கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டே கிடந்தேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். காடாம்புலியூர் முந்திரிப் பருப்பு என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு ஒரு மினி வேன் வாசலில் வந்து நின்றது. நான் எப்போது எழுந்தேன் என்று நினைவில்லை. டிரைவரைச் சட்டையோடு வெளியே இழுத்து, அவன் தலையை வேன் கதவில் மோதினேன். புருவம் கிழிந்து ரத்தம் வந்தது. இரண்டாவது தடவை மோதப் போனபோது பின்னாலிருந்து ஒரு இடது கை என் கழுத்தை வளைத்துப் பிடித்தது. அண்ணன்.

"விடுடா. இவன் என்னா பண்ணான் ஒன்ன?"

விட்டேன். அந்த ஆளை அண்ணனே வாசல் திண்டில் உட்கார வைத்து, தன் துண்டால் காயத்தைக் கட்டினான். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னான்: "தரையும் இல்ல, மெஷினும் இல்ல. நீதான்டா. போய் டாக்டரப் பாரு. இல்லன்னா யாரையாவது கொன்னுடுவ."

டாக்டரைப் பார்த்தேன். வருஷக்கணக்காக ராத்திரி விழித்த உடம்பு என்றார், மாத்திரை கொடுத்தார், அதையே சாக்காக வைத்துக்கொள்ளாதீர்கள் என்றும் சொன்னார். கம்பெனியில் கெஞ்சிக் கேட்டுப் பகல் ஷிப்ட் வாங்கினேன், சம்பளம் குறைவுதான். வேன்காரர் புகார் கொடுக்கவில்லை. எங்கள் வழக்கு சமாதானத்தில் முடிந்தது.

அண்ணன் கை இன்னும் முழுக்கத் திரும்பாது. வாளியை இடது கையில்தான் தூக்குகிறான். தெருக்குழாயில் நான் நின்றால் குழந்தை குடத்தோடு திரும்பிப் போய்விடுகிறாள். அதனால் அவர்கள் தண்ணீர் பிடித்து முடித்த பிறகே நான் போகிறேன்.