அம்மா விட்ட பலாப்பழம்

எங்கள் அம்மா பிறந்தது செய்யூர் பக்கம், வேர்க்கடலை விளையும் ஒரு சிற்றூரில். வாழ்க்கைப்பட்டு வந்தது செங்கல்பட்டுக்கு. அப்பாவின் குமாஸ்தா சம்பளத்தில் எங்களைப் படிக்க வைத்து, வந்த உறவுக்கெல்லாம் முகம் கோணாமல் இலை போட்டார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றை, சொல்லவே கூசுகிற ஒன்றை, மூத்த மகளாகிய நான் இந்த நினைவு மலரில் எழுத வேண்டியிருக்கிறது.

அம்மாவுக்குச் சந்நிதியில் கண் மூடிக் கும்பிட வராது. கடற்காற்று முகத்தில் பட்டால் மூடும். சுடுசோற்றில் நெய் விழுந்தால் மூடும். பலாப்பழம் அறுக்கும் வாசனைக்கோ, "பெருமாளே" என்று கையும் சேர்ந்து குவிந்துவிடும். நாங்கள் கேலி செய்வோம். "கோயில்ல தள்ளுற தள்ளுல எங்க பாக்கறது? இத மோந்தா அவரு பக்கத்துல வந்து குந்திகினு கீறா மாதிரி கீதுடி" என்பார்.

தொண்ணூறுகளில், அப்பா ஓய்வு பெற்றதும், இருவரும் காசிக்கும் கயைக்கும் போனார்கள். அங்கே போகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒன்றைச் சாமிக்கென்று விட்டுவிட்டு வருவது வழக்கம். பிறகு ஆயுளுக்கும் அதைத் தொடக்கூடாது. அம்மா யோசிக்காமல் பலாப்பழத்தை விட்டார்.

அடுத்த கோடையில் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் ஒரு பலாப்பழ வண்டி. அம்மா வாங்கவில்லை, தொடவில்லை. பக்கத்தில் நின்று கண்ணை மூடினார், அவ்வளவுதான். என் மாமியார் வீட்டாரும் கூட இருந்தார்கள். அப்பா சத்தம் போட்டார்: "பெருமாளுக்குன்னு வுட்டத ரோட்டுல நின்னு மோந்துகினு கீறியே, வெக்கமா இல்ல?" பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவின் முகம் செத்துவிட்டது. எனக்கும் மானம் போனது. அது அம்மாவால் போனது என்றுதான் அன்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு திருவிடந்தைப் பெருமாள் கோயிலுக்குப் போனால் அம்மா கொடிமரத்தோடு நின்றுவிடுவார். "குடுத்தத திருப்பி மோந்தவ நானு. எந்த மூஞ்சிய வெச்சிகினு உள்ள வர்றது? நீங்க போய்ட்டு வாங்க." எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். கடைசி வரை உள்ளே வரவில்லை.

அம்மா படுத்த படுக்கையானதும் ஒரு கோடையில்தான். பக்கத்து வீட்டில் பழம் அறுத்தார்கள். வாசனை வந்ததும், "ஜன்னல சாத்தும்மா" என்றார். சாத்தினேன். கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அந்த வாரமே அம்மா எங்களை விட்டுப் பிரிந்தார்.

முதலாண்டுப் படையலுக்கு என்னென்ன வைப்பது என்று சில நாள் முன்பு பேசினோம். சித்தி, "பலாப்பழம் வாணாம். அக்கா வுட்டதாச்சே" என்றார். அப்பா, "வைங்க" என்றார்.

"நானும் அங்க ஒண்ண வுட்டேன். இன்னா தெரியுமா? பாவக்கா. பொறந்ததுலேர்ந்து அத நான் வாயில வெச்சதே இல்ல. அவ உசுராட்டம் நெனச்சத குடுத்தா. அவளப் போயி நடுரோட்டுல வெக்கமா இல்லியான்னு கேட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பி, "இதையும் மலர்ல போடும்மா. அன்னிக்கு நாலு பேரு பாத்தாங்க இல்ல, இத நாலு பேரு படிக்கட்டும்" என்றார்.

நோயில் அம்மாவைத் தூக்கி உட்காரவைத்த செவிலியருக்கும், ராப்பகலாகத் துணையிருந்த அண்டை வீட்டாருக்கும், தூரம் பாராமல் வந்து தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்று பந்தியில் பலாச்சுளை உண்டு. அதைத் தானே பரிமாறுவேன் என்கிறார் அப்பா. உங்கள் இலைக்கு அவர் வரும்போது, முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.